காகிதப் பிள்ளைகளும் சுவர்க் கவிதைகளும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘புலம்பெயர்ந்தோர் இலக்கியம்’ என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அத்தலைப்பின் பரப்புப் பெரிது. கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் கையில் வைத்துக்கொண்டு விமானத்திலிருந்து இறங்குவோரும் புலம்பெயர்ந்தோரே. அவர்தம் ஊர் நினைவுகளைப் பற்றி நம்மிடையே கட்டுரைகளும் ஆய்வேடுகளும் வேண்டிய அளவு வந்துள்ளன. எந்த ஆவணமும் இன்றியோ, பிறர் பெயரில் அமைந்த ஆவணத்தோடோ ஒரு நாட்டினுள் நுழைந்து, வாழ்நாள் முழுதும் அஞ்சி வாழ்வோரும் உண்டு. நான் இப்பின்னவரைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். அவர்களுடைய கதை நமக்கு எவ்வழியே வந்து சேர்கிறது, வந்து சேர்ந்ததை நாம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர் பொதிகள்மீது சோழரின் புலி முத்திரையைப் பொறித்த காட்சியை விரிவாகவே பாடுகிறார். அதே பாட்டில், வேற்றுமொழி பேசும் பல நாட்டார் அந்நகரில் கலந்து உறைந்ததையும் மகிழ்ந்து பேசுகிறார். பொதிக்கு முத்திரை இருந்தது. ஆளுக்கு முத்திரை இருந்ததாகப் பாட்டில் இல்லை. இதைக்கொண்டு சங்க காலத்தில் எல்லைக் காவலே இல்லை என்று வாதிட நான் முன்வரவில்லை. பாட்டில் இல்லாதது நாட்டிலும் இல்லை என்று சாதிப்பது ஆய்வாகாது. எனினும் மனிதன்மேல் முத்திரை பதிக்கும் வழக்கம் வந்தபோது இலக்கியத்திற்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க இது ஒரு தொடக்கம்.

நான் எடுத்துக்கொள்ளும் சான்று நம் நாட்டினதன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவினுள், ஏஞ்சல் தீவு என்றொரு தீவு இருக்கிறது. அங்கே 1910 முதல் 1940 வரை குடியேற்ற நிலையம் ஒன்று இயங்கியது. கடல் கடந்து வந்தோரை, அதிலும் குறிப்பாகச் சீனரை, அங்கே மரக்கட்டடங்களில் அடைத்து வைத்து விசாரித்தனர். சப்பானியர், கொரியர், உருசியர், நம் பஞ்சாபியர் ஆகியோரும் அங்கே காத்துக் கிடந்தனர். ஆயினும் நெடுநாள் அடைபட்டவர் சீனரே. அதற்குக் காரணம் ஒரு சட்டம்.

1882இல் அமெரிக்கா சீனர் விலக்குச் சட்டத்தை இயற்றியது. தங்கம் தேடியும் இருப்புப் பாதை அமைக்கவும் வந்த சீனத் தொழிலாளர் இனி வரலாகாது என்றது அது. வணிகர், மாணவர், ஆசிரியர் போன்ற சிலர்க்கு மட்டும் விலக்களித்தது. ஓர் இனத்தின் பெயரைச் சுட்டி, அவ்வினத்துத் தொழிலாளர்க்குக் கதவடைத்த முதற்சட்டம் அந்நாட்டில் அதுவே. 1892இல் கடுமையாக்கி நீட்டித்தனர். 1904இல் நிலைச் சட்டமாக்கினர். 1943இல் இரண்டாம் உலகப் போரின்போது, சீனா நேச நாடாகிவிட்ட நிலையில்தான் நீக்கினர். நீக்கிய பின்னும் ஆண்டுக்கு 105 பேர்க்கு மட்டுமே இடம் தந்தனர்.

சட்டம் அடைத்த கதவில் இரண்டு இடைவெளிகள் இருந்தன. ஒன்று, 1898இல் வோங் கிம் ஆர்க் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: அமெரிக்க மண்ணில் பிறந்தவர், பெற்றோர் சீனரானாலும், அந்நாட்டுக் குடிமகனே. மற்றொன்று இயற்கை அளித்தது. 1906 ஏப்ரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நிலம் நடுங்கியது. தொடர்ந்து தீ மூண்டது. நகரின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து சாம்பலாயின. அதன்பின், “நான் இங்கேதான் பிறந்தேன்” என்று ஒரு சீனர் சொன்னால் மறுக்கச் சான்று இல்லை. அவ்வாறு குடிமகனானவர் சீனாவுக்குச் சென்று திரும்பும்போது, அங்கே தமக்கு ஒரு மகன் பிறந்திருப்பதாகப் பதிவு செய்வார். குடிமகனின் மகனும் குடிமகன். பிறந்தது மகளாக இருக்கலாம். யாருமே பிறவாமலும் இருக்கலாம். பதிவில் மட்டும் ஒரு மகன் வளர்ந்து வருவான். உரிய வயதில் வேறொரு வீட்டுப் பிள்ளை அப்பெயரை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு கப்பலேறுவான். வயதில் ஓராண்டுக்கு நூறு டாலர் என்பது பெருவழக்காயிருந்த விலை. இவ்வாறு வந்தோரைக் ‘காகித மகன்’ என்னும் பொருள்படும் சொல்லால் சீனர் அழைத்தனர். நான் ‘காகிதப் பிள்ளை’ என்கிறேன். தத்துப்பிள்ளைக்குச் சடங்கு உண்டு, ஊரறிய ஒரு விருந்தும் உண்டு. காகிதப் பிள்ளைக்கு இருந்தது விலை மட்டுமே.

அதிகாரிகளுக்கு இது தெரியாததன்று. ஆகவே விசாரணை என்னும் கருவியைக் கூர்மையாக்கினர். பெயர், ஊர், தந்தை பெயர் என்பனவற்றோடு அவர்கள் நிற்கவில்லை. உன் வீட்டு வாயில் எந்தத் திசை நோக்கியது? வாசற்படிகள் எத்தனை? உங்கள் தெருவில் மூன்றாம் வீட்டில் இருப்பவர் யார், அவருக்கு மக்கள் எத்தனை பேர்? அரிசிப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது? கிணறு எவ்வளவு தொலைவு? உன் பாட்டிக்குப் பாதம் கட்டப்பட்டிருந்ததா? இப்படி நூற்றுக்கணக்கில் கேட்டனர். விசாரணை இரண்டு மூன்று நாள் நீளும். மொழிபெயர்ப்பாளரை அமர்வுக்கு அமர்வு மாற்றுவர். இதே வினாக்களைத் தந்தை என்பாரிடமும் சாட்சிகளிடமும் தனித்தனியே கேட்டு, விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பர். படி ஒன்று கூடினாலோ குறைந்தாலோ ஐயம். ஐயம் முற்றினால் திருப்பி அனுப்புதல்.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். என் தாய்வீட்டு வாசற்படிகள் எத்தனை என்று எவரேனும் இப்போது என்னைக் கேட்டால் எனக்குத் திண்டாட்டமே. இருபது ஆண்டுகள் ஏறி இறங்கியும் எண்ணியதில்லை, வாழ்பவர் எண்ணுவதில்லை. ஏஞ்சல் தீவிலும் இதுவே நேர்ந்தது. பெற்ற பிள்ளையே விடை பிசகித் தோற்றதுண்டு. ஆகவே உண்மைப் பிள்ளையும் பொய்ப் பிள்ளையைப் போலத் தன் வீட்டைப் பாடம் செய்துகொண்டு வர வேண்டியதாயிற்று.

அதற்கென்றே பாடப்புத்தகங்கள் எழுந்தன. குடும்ப மரபு, தெருவின் வரைபடம், வீட்டின் அமைப்பு, அண்டை வீட்டார் பெயர், திருமண நாள், இறந்த நாள் என எல்லாவற்றையும் வினாவிடையாக எழுதிக் கொடுத்தனர். கப்பலில் வரும் காலத்தில் அதை மனனம் செய்வர். கரை நெருங்கியதும் கடலில் எறிந்துவிடுவர். உள்ளே அடைபட்ட பின்னும் புதிய குறிப்புகள் சமையலாட்கள் வழியே மறைவாக வந்து சேர்ந்தன.

ஒரு தமிழாசிரியையாக நான் இப்புத்தகங்களைக் குற்றச் சான்றாகப் பார்க்கவில்லை. அவை ஓர் இலக்கிய வகை. இல்லாத குடும்பம் ஒன்றைப் படைத்து, அதற்கு வீடு கட்டி, கிணறு வெட்டி, அண்டை அயலாரைக் குடியேற்றி, முரண் எதுவும் வாராமல் பல தலைமுறைக்கு நீட்டும் வேலை நாவலாசிரியர் செய்வதே. அவற்றை எழுதியோர் பெயர் நமக்குத் தெரியாது. படித்தோர் ஒருவரோ இருவரோ. படித்தவுடன் அழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் நாவலில் ஒரு பாத்திரத்தின் கண்ணிறம் இடையில் மாறினால் திறனாய்வாளர் நகைப்பார், அவ்வளவே. அங்கே மாறினால் கப்பலேற்றி அனுப்பிவிடுவர். அவ்வளவு நுணுக்கமான கதையை வேண்டி நின்றது அரசே என்பது நோக்கத்தக்கது. உண்மையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, மிகத் தேர்ந்த பொய்யை மட்டுமே ஏற்கும் ஒரு வாயிலை அது கட்டி வைத்தது.

விசாரணை அறையில் சொன்ன கதை இது. விசாரணை முடிந்து, அல்லது விசாரணைக்கு அழைப்பு வாராமல், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருந்த மரக்கொட்டடியில் எழுதப்பட்டது வேறு. சிலர் ஏறத்தாழ ஈராண்டு அங்கே கிடந்தனர். அச்சுவர்களில் அவர்கள் கவிதை எழுதினர். முதலில் தூரிகையால் எழுதினர். அழிக்கப்படுவதைக் கண்டபின் கத்தியால் மரத்தில் செதுக்கினர். அதிகாரிகள் அதைச் சுவரைப் பாழ்படுத்தும் கிறுக்கலாகவே கருதி, பள்ளங்களை மக்கு இட்டு நிரப்பி, மேலே வண்ணம் பூசச் செய்தனர். பூசிய சுவர்மீது அடுத்து வந்தவர் எழுதினார். அழிப்பதற்காகப் பூசிய மக்கும் வண்ணமும் மரத்தைக் காற்றிலும் ஈரத்திலும் இருந்து ஓரளவு காத்து நின்றன என்பதைப் பிற்காலத்தில்தான் கண்டனர்.

1940இல் நிலையம் மூடப்பட்டது. பின்னர் அவ்விடம் இராணுவத்திடம் சென்று, அதன்பின் பூங்காவாகியது. பழுதுற்ற கொட்டடியை இடிக்க இருந்த நிலையில், 1970இல் அலெக்சாண்டர் வைஸ் என்னும் பூங்காக் காவலர் விளக்கொளியில் அச்சுவர்களில் சீன எழுத்துகளைக் கண்டார். மேலிடத்தார் அக்கறை காட்டவில்லை. அவர் தமக்கு அறிமுகமான ஜார்ஜ் அராக்கி என்னும் பேராசிரியரிடம் சொன்னார், படங்கள் எடுக்கப்பட்டன, சீன அமெரிக்கர் திரண்டு போராடினர், 1976இல் மாநிலச் சட்டமன்றம் இரண்டரை இலட்சம் டாலர் ஒதுக்கியது. ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யுங் ஆகிய மூவரும் அக்கவிதைகளைத் தொகுத்து, மொழிபெயர்த்து, அங்கே அடைபட்டிருந்தோரின் வாய்மொழிகளோடு 1980இல் நூலாக்கினர். 1931இலும் 1932இலும் அங்கே இருந்த இளைஞர் இருவர் சுவர்ப் பாடல்களைத் தம் ஏட்டில் படியெடுத்து வெளியே கொண்டு வந்திருந்தது பேருதவியாயிற்று. நம் உ. வே. சா. அவர்களுக்குக் கிடைத்த ஏடெழுதுவோரை நினைத்துக்கொள்கிறேன். இவர்கள் ஏட்டைப் பார்த்து எழுதாமல் சிறைச் சுவரைப் பார்த்து எழுதியவர்கள். இன்று இருநூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. 1997இல் நிலையம் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. செப்பனிடப்பட்ட கொட்டடி 2009இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

கவிஞர்கள் கேட்பீர்கள், அவை நல்ல கவிதைகளா என்று. மொழிபெயர்ப்பின் வழி அறிந்தவள் என்ற வரம்போடு சொல்கிறேன்: எல்லாம் அல்ல. எழுதியவர்களிற் பலர் தென்சீனத்தின் குவாங்டுங் மாநிலத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர். ஊர்ப் பள்ளியில் பழைய யாப்பில் சிறிது பயிற்சி பெற்றோர். ஒரே உவமை பல பாடல்களில் வருகிறது. பகைவர் நாட்டில் பத்தொன்பது ஆண்டு பிடிபட்டிருந்த சூ வூ என்னும் பழந்தூதுவரைப் போன்றோரின் நினைவும், மரக்கட்டடம் என்னும் சொல்லும் திரும்பத் திரும்ப வருகின்றன. யாப்புப் பிழையும் உண்டு என்று அறிந்தோர் கூறுகின்றனர். நம் பாலைப் பாடல்களிலும் கள்ளியும் பருந்தும் திரும்பத் திரும்ப வருகின்றன அல்லவா? மரபு என்பது தனியொருவர் தாங்க மாட்டாத துயரைப் பலர் தோள் மாற்றிச் சுமக்க அமைத்த காவடி. பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய தூதுவரைத் துணைக்கழைக்கும்போது அவன் கல்வியைக் காட்டிக்கொள்ளவில்லை. தனக்கு முன்னும் ஒருவர் இப்படி இருந்து மீண்டார் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான்.

பெரும்பாலான பாடல்களில் எழுதியவர் பெயர் இல்லை. எழுதியவர் இன்னார் என்று அதிகாரிக்குத் தெரிந்தால் வழக்குக் கெடும். அன்றியும் எந்தப் பெயரை எழுதுவது? வாங்கிய பெயரை எழுதினால் பாட்டு பொய். பெற்றோர் இட்ட பெயரை எழுதினால் வழக்குப் போயிற்று. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. எவர்க்கும் பொதுவான உணர்வு என்பதால் பெயர் வேண்டா என்றார்கள் உரை கூறுவோர். ஏஞ்சல் தீவுச் சுவரில் பெயர் இல்லாமைக்குக் காரணம் அச்சம். விளைவு என்னவோ ஒன்றாகவே அமைந்துவிட்டது: ஒருவர் புலம்பியது அடுத்து வந்தவருக்கும் தன் புலம்பலாயிற்று. குறுந்தொகையில் பெயர் இழந்து பாட்டின் தொடரையே பெயராகப் பெற்ற செம்புலப்பெயல்நீரார் போன்றோர் நமக்கு உண்டு. அச்சீன இளைஞருக்கு அதுவும் வாய்க்கவில்லை. நூலில் அவர்களுக்கு எண்தான் இடப்பட்டுள்ளது.

அந்நாட்டின் கிழக்குக் கரையையும் ஒரு நொடி பார்க்கலாம். நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் எழுப்ப நிதி திரட்டியபோது, 1883இல் எம்மா லாசரஸ் என்னும் பெண்கவிஞர் வந்தேறிகளை வரவேற்றுப் பாட்டு ஒன்று எழுதினார். சீனர் விலக்குச் சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1903இல் அப்பாட்டை வெண்கலத் தகட்டில் பொறித்துப் பீடத்தினுள் பதித்தனர். ஒரே நாடு ஒரு கவிதைக்கு வெண்கலமும் மற்றக் கவிதைகளுக்கு மக்கும் கொடுத்தது. லாசரஸ் அம்மையாரைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. அவர் துன்புற்ற யூத அகதிகளுக்காக உண்மையாகவே உழைத்தவர். வரவேற்பவரின் கவிதை கிடைப்பதும், வருபவரின் கவிதை கிடைக்காமற் போவதும் எப்படி நிகழ்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி ஒன்று. பெண்களின் சுவர் எங்கே?

பெண்களும் அத்தீவில் அடைபட்டனர். கணவனையும் மனைவியையும் தனித்தனியே வைத்து, விசாரணை முடியும்வரை சந்திக்கவும் விடவில்லை. பெண்கள் தங்கியது நிருவாகக் கட்டடத்தின் மாடியில். 1940 ஆகஸ்டில் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. அங்கும் சுவரில் பாடல்கள் இருந்ததாக அடைபட்டிருந்த பெண்கள் சிலர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். எழுத்தறிந்த பெண்கள் அந்நாளில் குறைவே. அக்குறைவிலும் எழுதியவர் இருந்திருக்கின்றனர். அவர்களுடைய ஒரு வரியும் இன்று இல்லை. 1906இல் எரிந்த தீ ஆண்களுக்குப் பெயர் கொடுத்தது. 1940இல் எரிந்த தீ பெண்களின் பாட்டைக் கொண்டுபோயிற்று. இலக்கிய வரலாறு எழுதும்போது ‘பெண்கள் எழுதவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் உண்டு. எழுதவில்லையா, எரிந்ததா என்று கேட்ட பிறகே அவ்வரியை எழுத வேண்டும் என்பது என் கட்சி.

தீவைக் கடந்து ஊருக்குள் சென்றோர் கதைக்கு வருகிறேன். உள்ளே விட்டபின் பொய் முடிந்துவிடவில்லை. அப்போதுதான் அது குடும்பம் நடத்தத் தொடங்கியது. வாங்கிய பெயரிலேயே வேலை, வரி, திருமணம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை. வீட்டினுள் ஒரு குலப்பெயர், வெளியே மற்றொன்று. தம்பியை ஊரார்முன் வேற்றாளாகவும், வேற்றாளைத் தம்பியாகவும் பேச வேண்டும். பிள்ளைகள் வெளியே உளறிவிடுவார்களோ என்று பெற்றோர் பிள்ளைகளிடமே சொல்லாது காத்தனர். 1956இல் அமெரிக்க அரசு ‘ஒப்புதல் திட்டம்’ ஒன்றைத் தொடங்கியது. உண்மையை ஒப்புக்கொண்டால் நிலையைச் சீர்செய்துகொள்ள வாய்ப்பளிப்பதாகச் சொன்னது. ஆனால் ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரோடு காகிதத்தில் கட்டுண்ட எல்லாரும் வெளிப்பட வேண்டும். சீனக் கம்யூனிசத்தின்மீது அந்நாட்டுக்கு அச்சம் மிகுந்திருந்த காலம் அது. 1965 வரை ஏறத்தாழ 14,000 பேர் ஒப்புக்கொண்டனர். பலர் வாய் திறவாமலே இறந்தனர். அவர்களிற் சிலருடைய கல்லறையில் ஆங்கில எழுத்தில் ஒரு குலப்பெயரும் சீன எழுத்தில் வேறொரு குலப்பெயரும் இருக்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்த பேரப்பிள்ளை அதைப் படித்தால் பாதிதான் படித்ததாகும்.

சுவர்க் கவிதைகளைத் தொகுத்த ஹிம் மார்க் லாய் அவர்களின் பெயரிலேயே இக்கதை இருக்கிறது. ‘லாய்’ என்பது அவர் தந்தை காகிதத்தில் வாங்கிய குலப்பெயர்; ‘மார்க்’ என்று இடையில் நிற்பதே உண்மைக் குலப்பெயர். ஜூடி யுங் அவர்களின் தந்தையும் அத்தகையவரே. ‘டாம்’ குலத்தவர் ‘யுங்’ ஆனார். அன்னார் இருவரும் ஆய்வாளராக அச்சுவரின்முன் நின்றபோது தந்தை சொல்லாத கதையைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணுகையில், நாம் முனைவர் பட்டத்திற்கு மேற்கொள்ளும் ஆய்வுகளின் அமைதியான இருக்கை எனக்குச் சிறிது உறுத்துகிறது.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கள்ளத்தோணி. தென்னகத்துக் கரையிலிருந்து அனுமதியின்றி இலங்கைக்குப் படகேறிச் சென்றோரைக் குறித்த சொல் அது. அவர்களைத் தடுக்க 1952 முதலே இலங்கைப் படையினர் வடமேற்குக் கரையில் நிறுத்தப்பட்டனர். எனில், அச்சொல் படகில் வந்தவரோடு நிற்கவில்லை. பிரிட்டிஷார் காலத்தில் அரசே அறியக் கூட்டிச் செல்லப்பட்டு, தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர்மீதும் அது வசையாக வீசப்பட்டது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவர் எங்கே போய்ச் சான்று கொணர்வார்? சான் பிரான்சிஸ்கோவில் பதிவேடு எரிந்ததால் ஆயிரக்கணக்கானோர் குடிமக்களாயினர். மலையகத்தில் பதிவு இல்லாமையாலேயே இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தளித்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே அவரைத் தேர்ந்தெடுத்த மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பங்கிட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பத்தாண்டு கழித்துப் பிரித்துக்கொண்டனர். பொதிக்குப் புலி முத்திரை இட்ட துறைமுகம் எனக்கு அப்போதுதான் மீண்டும் நினைவுக்கு வந்தது.

1983க்குப் பின் எதிர்த்திசையில் படகுகள் வந்தன. அவற்றில் வந்தோர் நம் மாவட்டங்களில் முகாம்களில் வாழ்கின்றனர். நம் குடியுரிமைச் சட்டத்திற்கு 2003இல் வந்த திருத்தம், உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்தோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என வரையறுத்தது. பெற்றோருள் ஒருவர் அத்தகையவரானாலும் குழந்தை இங்கே பிறந்ததனால் மட்டும் குடிமகவு ஆகாது என்றது. முகாமில் பிறந்து வளர்ந்த மாணவியர் சிலர் என்னிடம் பயின்றுள்ளனர். ஏஞ்சல் தீவு விசாரணையை வகுப்பில் ஒருமுறை விளக்கியபோது, அவர்களில் ஒருத்தி வகுப்பு முடிந்தபின் வந்து சொன்னாள்: “அம்மா, எங்க அம்மம்மாகிட்ட ரெண்டு கதை இருக்கு. யாராச்சும் நோட்டோட வந்தா ஒண்ணு சொல்லுவா. கரண்டு போன ராத்திரியில எங்களுக்கு வேற சொல்லுவா.” எது மெய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “ரெண்டும் மெய்தாம்மா. நோட்டுக்குச் சொல்ற கதையில தேதி இருக்கும். எங்களுக்குச் சொல்றதுல மழை இருக்கும்.”

கவிஞர்களே, இதைவிடச் சிறந்த திறனாய்வு வாக்கியத்தை என் ஆசிரியப் பணியில் நான் கேட்டதில்லை.

இதனால்தான் நம் கவிதைகளைப் பற்றி ஒரு மனக்குறையைச் சொல்லத் துணிகிறேன். ‘அகதி’ என்னும் சொல்லை நாம் மிக மலிவாகச் செலவிடுகிறோம். காதலில் தோற்றவர் அகதி. நகரத்தில் வாடகை வீடு மாறுபவர் அகதி. கூட்டத்தில் தனித்திருப்பவர் அகதி. அண்மையில் என் கைக்கு வந்த ஒரு தொகுப்பில் நிலாவும் அகதியாகிவிட்டது. உருவகம் கவிஞரின் உரிமை. அதை நான் பறிக்க வரவில்லை. ஆனால் முகாமில் வருகைப் பதிவுக்கு வரிசையில் நிற்கும் பெண் ஒருத்தி அக்கவிதையைப் படிக்க நேர்ந்தால், தன் சொல் தன்னிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டதாக எண்ண மாட்டாளா? அவளிடம் அச்சொல் அட்டையில் அச்சாகி இருக்கிறது.

மறுபுறம், அவர்களைப் பற்றி அக்கறையோடு எழுதுவோரும் ஒரு வலையில் விழுகின்றனர். நோட்டும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துச் சென்று, எப்போது வந்தீர்கள், எப்படி வந்தீர்கள், யார் இறந்தார் என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் கேட்கப்படுபவருக்கு அவ்வினாக்கள் புதியனவல்ல, அதிகாரி கேட்டவையே. அதிகாரிக்குரிய விடையே நமக்கும் கிடைக்கும். நாமோ அதை ‘உண்மைக் கதை’ என்று தலைப்பிட்டு அச்சிடுவோம். இந்த நூற்றாண்டிலும் படிகளை எண்ணும் பழக்கம் போய்விடவில்லை. அமெரிக்காவில் இன்று ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஆவணமின்றி வாழ்கின்றனர். அடைக்கலம் வேண்டுவோரின் வாக்குமூலத்தில் முரண் காணப்பட்டால், அது வழக்கின் உயிர்நிலையைத் தொடாத சிறு முரணாயினும், நம்பகமின்மைக்குக் காரணமாகக் கொள்ளலாம் என்று 2005இல் அங்கே சட்டமே இயற்றினர். பேரச்சத்தில் ஓடி வந்தவர் நாளையும் கிழமையையும் பிசகின்றிச் சொல்ல வேண்டுமாம்!

எல் சால்வடோர் நாட்டைச் சேர்ந்த ஹாவியேர் சமோரா, 1999இல் ஒன்பது வயதில், முன்பே அமெரிக்கா சென்றுவிட்ட பெற்றோரிடம் சேர்வதற்காக, அந்நியர் சிலரோடு பாலைவனம் நடந்து எல்லை கடந்தவர். அவர் 2017இல் அப்பயணத்தைக் கவிதைத் தொகுப்பாக்கினார். பின்னர் அதே பயணத்தை 2022இல் உரைநடையில் முழுநூலாக எழுதினார். ஒன்பது வாரப் பயணத்தைச் சொல்ல இருபத்து மூன்று ஆண்டு ஆயிற்று. அதிலும் கவிதைதான் முதலில் வந்தது. மழையைச் சொல்லிவிட்டுத்தான் தேதிக்கு வர முடிந்தது என்று என் மாணவி இதற்கு உரை கூறியிருப்பாள்.

இறுதியாக, வட்டத்தின் செயற்குழு முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் முகாம்வாழ் மக்களின் கதைகளைத் தொகுத்து நூலாக்கும் எண்ணம் இருப்பதாக அழைப்பிதழிற் கண்டேன். நற்பணி. ஆனால் முதல் ஆறு மாதம் எவரும் நோட்டு எடுத்துச் செல்ல வேண்டா. அங்குள்ள சிறுவர்க்கு மாலைநேரப் பாடம் சொல்லித் தரச் செல்லுங்கள்; பெண் உறுப்பினர்கள் மிகுதியாகச் செல்லட்டும். ஆறு மாதத்திற்குப்பின் எவரேனும் தாமே முன்வந்து சொன்னால் எழுதுங்கள். எழுதியதை அவர்க்குப் படித்துக் காட்டி, வேண்டாம் என்பதை நீக்குங்கள். பெயர் அச்சிடுவதா என்பதை அவரே சொல்லட்டும். ‘பெயர் வேண்டா’ என்பார்க்கு எண் இடாதீர்கள். அவர் சொன்னதிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, செம்புலப்பெயல்நீரார்க்குச் செய்தது போல, பெயராக வையுங்கள். நூல் மெலிந்ததாக இருந்தால் அச்சகச் செலவும் குறையும் என்று பொருளாளர் அவர்களுக்கு ஆறுதல் கூறி அமர்கிறேன்.